மாமி போட்ட சீனி

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததே பெரிய அதிர்ஷ்டம் என்று செலஸ்டின் காலை நீட்டிக்கொண்ட நேரத்தில்தான் மாமியின் போன் வந்தது. எலக்ட்ரானிக் சிட்டி மொத்தமும் ஒரே சமயத்தில் ஆபீஸ் விட்டு ரோட்டுக்கு வருகிற பொழுது. நிற்க இடம் கிடைத்தாலே கும்பிட்டுக்கொள்ளலாம், இவனுக்கோ ஜன்னலோரம். பை மடியில் இருந்தது. காலையில் கொண்டுபோன அதே கனத்தோடு திரும்பி வருகிற பை. கூட வேலை பார்க்கிற நவநீத்துக்கு ருசி பார்க்கக் கொடுக்கலாமே என்று தான் காய்ச்சிய பியரில் ஒரு பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துப்போயிருந்தான், அந்த ஆள் இன்றைக்குப் பார்த்து லீவு. அவனும் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவன்தான், ஆனால் கசப்புக் கட்சி. ஹாப்ஸ் பூவை அள்ளி அள்ளிக் கொட்டி, நிலவேம்புக் கஷாயம் மாதிரி ஒன்றை ஊற்றிக் கொடுத்துவிட்டு, எப்படி இருக்கு எப்படி இருக்கு என்று நம் முகத்தையே பார்ப்பான். உலகத்தில் கசப்பைத் தவிர வேறு ருசியே கிடையாதா என்ற எரிச்சலில்தான் செலஸ்டின் வேறு பக்கம் போனான். கோதுமையில் ஒன்று செய்தான், பழம் ஒரு துண்டு போடாமலே வாழைப்பழ வாசம் வந்தது. முளைகட்டிக் கருக வறுத்த பார்லி மால்ட்டில் ஒன்று, குடித்தவர்கள் கருப்பட்டிக் காப்பி என்றார்கள். கடைசியாக இது. புளிப்பும் உப்புமாக ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கிற பழைய வகை, கோஸே என்று பெயர். தயிர்த் தெளிவை ஊற்றி ஒரு வாளியில் புளிக்கவைத்து, கொத்தமல்லி விதையைத் தட்டிப் போட்டு, உப்புக்கு வேறெங்கும் போகாமல் தூத்துக்குடி அளத்து உப்பையே போட்டு. எல்லாம் மகளின் ஞானஸ்நான விருந்துக்கு. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வந்து இறங்கும்போது ஆளுக்கொரு பாட்டிலை நீட்டி, குடிங்க, நம்ம ஊர் உப்பு என்று சொல்ல வேண்டும். இதை நினைத்துச் சிரித்தபடிதான் போனை எடுத்தான்.

"மாப்ள, வரும்போது குட்டிக்கு கிரைப் வாட்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க" என்றாள் மாமி. மனைவி ஃபபியோலாவின் பிரசவத்துக்கு வந்து, பேத்தி பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கிற மாமியார். போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும். வாங்கியாறேன் மாமி என்றான். அத்தோடு வைத்திருந்தால் அவனுக்கு இந்தச் சாயங்காலம் எல்லாச் சாயங்காலத்தையும் போலப் போயிருக்கும். "அப்புறம் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்ல வுட்டுப்போச்சு. நீங்க ஐதராபாத் போயிருந்திய இல்லா, அப்ப ஒங்க வாளியத் தொறந்து ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன். ஒரே புளிப்பு. உப்பு வேற கரிக்குது. அய்யோ கெட்டுப்போச்சே, மாப்ள வந்து பாத்தா மனசு விட்டுருவாரேன்னு, நம்ம கிறிஸ்மஸ் ஒயினுக்குப் போடுற மாதிரி சீனியும் ஒரு கை கோதுமையும் போட்டு மூடி வச்சேன். ஃபபிகிட்டகூட சொல்லல. இப்ப நல்லா வந்திருக்கும் பாருங்க." சீனி எவ்வளவு மாமி என்று கேட்டான். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "என்னத்த எவ்வளவு. பாக்கெட்டுல கெடந்தத தட்டிவுட்டேன். செரி வச்சிருதேன், நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள். எதற்கு நேரமாச்சு என்று கேட்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

சீனி. பஸ் நகர்ந்தது, நின்றது. ஐதராபாத்திலிருந்து வந்த அன்றைக்கே அந்த வாளியிலிருந்ததைப் பாட்டில்களில் அடைத்துவிட்டானே. பாட்டிலில் அடைக்கும்போது நுரை வரவேண்டும் என்று அவன் பங்குக்கும் அளந்து கொஞ்சம் சீனி போட்டான். அது எப்போதும் போடுகிறதுதான். அந்தக் கொஞ்சத்தை ஈஸ்ட் தின்று காற்றாக விடும், மூடி அடித்த பாட்டிலுக்குள் அந்தக் காற்று போக இடமில்லாமல் பியருக்குள்ளேயே அடங்கும், திறக்கும்போது புஸ்ஸென்று நுரைக்கும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் மாமி தட்டிவிட்ட பாக்கெட் கணக்கில் இல்லை. புளிப்பான வாளியில் ஈஸ்ட் மெள்ளத்தான் வேலை செய்யும், சோம்பேறித்தனமாகத் தின்னும். அப்படியானால் அந்தச் சீனியில் பாதிக்கு மேல் தின்னாமல் இருந்திருக்கும், அதுவும் பாட்டிலுக்குள் போயிருக்கும், இத்தனை நாளாக மூடிய கண்ணாடிக்குள் தின்றுகொண்டும் காற்றை விட்டுக்கொண்டும் இருக்கும். இப்போதும். இந்த நிமிஷமும். வெயில் வேறு. எங்கே வைத்திருக்கிறான் அந்தப் பாட்டில்களை? பின்ரூமில், கட்டிலுக்கு அடியில். வீட்டிலேயே அதுதான் இருட்டான இடம், குளிர்ச்சியான இடம் என்று அவனே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தான். அதே காரணத்துக்காகத்தான், இருட்டு, குளிர்ச்சி, குழந்தை நன்றாகத் தூங்கும் என்றுதான், ஃபபியோலா அதே ரூமில் அதே கட்டிலை ஒட்டிச் சேலையில் தொட்டில் கட்டியிருக்கிறாள். தொட்டில் கீழ் நோக்கித் தொய்ந்து, ஆடும்போது கட்டில் சட்டத்தை உரசிக்கொண்டு போகும்.

ஃபபிக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மாமிக்கு அடித்தான், எடுக்கவில்லை. குட்டி தூங்குகிற நேரம், ஃபபி போனைச் சத்தமில்லாமல் போட்டிருப்பாள். அவள் எப்போதும் அப்படித்தான், ஒரு இலை விழுந்தால்கூட எழுந்துவிடும் என்பாள். அப்படியானால் குட்டி தூங்குகிறாள். அப்படியானால் தொட்டிலில் இருக்கிறாள். மறுபடி அடித்தான். மணி போகிற சத்தத்தைக் கேட்கக் கேட்க அந்த ரூம் கண்முன்னால் வந்தது, ஜன்னல் திரை மூடியிருக்கிறது, போன் மேஜைமேல் சத்தமில்லாமல் வெளிச்சம் மட்டும் காட்டுகிறது, பார்க்க ஆளில்லை. ஏன் ஆளில்லை? வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே என்று மனசை இழுத்தான். அது கயிறு அறுத்த மாடு மாதிரி அந்தப் பக்கமே போனது. நவநீத் வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவு. ஒரு தடவை அவனுடைய பாட்டில் ஒன்று வெடித்து, கண்ணாடிச் சில்லு மரக்கதவுக்குள் இறங்கி நின்றது. அதைப் பிடுங்காமல் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். செலஸ்டினும் விரலால் தொட்டுப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. ஃபோட்டோகூட எடுத்துக்கொண்டான். மரக்கதவு. சேலை எந்த மூலைக்கு.

தூத்துக்குடியில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் சூசையின் சோடாக் கடை. இத்தனை வருஷமாக நினைக்காத சூசை இப்போது பஸ்ஸுக்குள் ஏறி வந்து எதிரே நிற்கிற மாதிரி இருந்தது. கோலி சோடா பாட்டிலை மிஷினில் வைத்துச் சுற்றுவார். சுற்றும்போது முகத்துக்குக் கம்பி வலை, மிஷின் பெட்டிமேல் ஈரச் சாக்கு. எதுக்கு சாக்கு என்று பையன்கள் கேட்டால், வலையைத் தூக்கி முகத்தைக் காட்டுவார். ஒரு கண் இருக்க வேண்டிய இடத்தில் தோல் மூடியிருக்கும். "வலை வாங்குறதுக்கு முந்துன நாள் போனது" என்று சொல்லிச் சிரிப்பார். சோடா கேட்டு நின்ற பையன்களுக்கு அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. முந்தின நாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சூசை நினைத்திருப்பார் இல்லையா. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். செலஸ்டினும் அப்படித்தான். வாளியில் சீனி மிச்சம் இருக்கிறதா என்று காட்ட ஒரு கண்ணாடி மிதவை உண்டு, முங்கவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐதராபாத் போகும் முன்னால் முங்கவிட்டுப் பார்த்தான், சரியாக இருந்தது, புளித்து முடிந்துவிட்டது. திரும்பி வந்த அன்றைக்கு ஒரு தடவை பார்த்திருக்கலாம். அலுப்பு. முடிந்ததை எதற்கு மறுபடி பார்ப்பது என்ற கொழுப்பு. மூடியில் செருகிய குழாயில் குமிழி வந்துகொண்டிருந்தது, அதையும் கண்ணால் பார்த்தான், வெயிலுக்கு வருகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். வாளியைக் கழுவும்போது அடியில் கோதுமை மணிகூடக் கிடந்தது. இதுவும் கோதுமை போட்ட பியர்தானே, காய்ச்சும் துணிப்பையிலிருந்து தப்பியிருக்கும் என்று சாக்கடையில் ஊற்றினான். இப்போது யோசித்தால், காய்ச்சும்போது போட்டது உடைத்த கோதுமை. அடியில் கிடந்தது முழுசு. முழு மணி, மாமி போட்ட மணி, கையில் எடுத்துப் பார்க்கவும் செய்தான், என்ன பிரயோசனம்.

மாமியின் மேல் கோபம் வந்தது. அடுத்தவன் வாளியைத் திறப்பார்களா? அப்புறம் அந்தக் கோபம் நிலைக்க மாட்டேன் என்றது. அவர்கள் வீட்டில் ஜாடியில் திராட்சையை ஊறவைத்து, சீனியும் கோதுமையும் கிராம்பும் போட்டுத் துணியால் வாயைக் கட்டிவைத்தால், புளிப்பாகத் தெரிந்த அன்றைக்கு இன்னொரு கை சீனி போடுவார்கள். துணி கட்டின ஜாடி எப்போதாவது வெடித்திருக்கிறதா? புளிப்புதான் வேண்டும் என்று ஒருவன் மெனக்கெட்டுச் செய்வான் என்று அந்த மனுஷிக்கு எப்படித் தெரியும். சொல்லியிருக்க வேண்டியது இவன். என்னமோ பெரிய வித்தைக்காரன் மாதிரி, ஒங்களுக்குப் புரியாது மாமி என்று சிரித்துவிட்டுப் போனவன் இவன்.

"அண்ணா, பாப்பாவ கொஞ்சம் வெச்சிக்கிறீங்களா?" பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள். தர்மபுரிப் பக்கத்துப் பேச்சு. ஒரு தோளில் மூட்டை, ஒரு கையில் கம்பி, இடுப்பில் மூன்று வயசு இருக்கும் பெண் குழந்தை. உட்கார்ந்திருக்கிறவர் மடியில் நிற்கிறவர் குழந்தையைக் கொடுப்பதும் வாங்கி வைத்துக்கொள்வதும் பஸ்ஸில் வழக்கம்தானே, அவன் யோசிக்காமல் கையை நீட்டினான். குழந்தை பையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. எண்ணெய் வைத்த தலை அவன் தாடைக்குக் கீழே. அந்தக் கனம் அவனுக்கு ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. இதே கனம் இல்லை, குட்டி இதில் பாதிகூட இருக்க மாட்டாள், ராத்திரியெல்லாம் அழுது கழுத்தை அறுப்பாள், நேற்றுக்கூட என்ன சனியன் என்று முணுமுணுத்துவிட்டுத் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டான். அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியுமா. மறுபடி ஃபபிக்கு அடித்தான். குழந்தை வெளிச்சத்தைப் பார்த்ததும் போனைப் பிடித்து இழுத்தது. விட்டால் அழும், கொடுத்தால் கீழே போடும். முன்பக்க ஜிப்பைத் திறந்து போனைப் பைக்குள் போட்டான். மணி அடித்தால் தெரியும். ஹவுஸ் ஓனருக்குப் போன் பண்ணலாமா? மாடியிலிருந்து இறங்கிப் போய்க் கதவைத் தட்டச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? சார், எங்க வீட்டுக் கட்டிலுக்கடியில பியர் வெடிக்கப் போகுது, கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா. வீட்டைக் காலி பண்ணச் சொல்வார். சொல்லட்டும். பிள்ளையைவிடவா வீடு. அவர் நம்பர் இந்தப் போனில் இருக்கிறதா, பழைய போனில் இருந்ததா?

பஸ் சில்க் போர்டு சிக்னல் நெரிசலுக்குள் போய் உறைந்தது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார். அப்படி அணைத்தால் சீக்கிரம் கிளம்பாது என்று அர்த்தம். உள்ளே காற்று இல்லை. குழந்தை தன் தொடைக்குக் கீழே கைவிட்டு, பையின் துணிக்கு மேலாக எதையோ பிடித்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தது. "மாமா, ஜூஸா?" என்றது.

என்ன ஜூஸ் என்று குனிந்தான். குழந்தையின் விரல்கள் பிடித்திருந்தது பாட்டிலின் கழுத்து.

கொஞ்ச நேரம் செலஸ்டினுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹாரன் இல்லை, ஆள் பேச்சு இல்லை. நவநீத்துக்கென்று எடுத்துவந்த பாட்டில். அதே வாளி, அதே சீனி. காலையில் இந்த ரோட்டில் குலுங்கிப் போய், பகலெல்லாம் ஆபீஸ் ஜன்னலோரம் வெயிலில் கிடந்து, இப்போது அவன் மடியில், அதன்மேல் ஊரான் வீட்டுப் பிள்ளை. இவ்வளவு நேரமும் வீட்டில் என்ன ஆச்சு என்று ஓடின மனசு தன் மடியைப் பார்க்கவே இல்லை. குழந்தை இன்னொரு தடவை அமுக்கியது. அவன் மெள்ள, ரொம்ப மெள்ள, தன் உள்ளங்கையை அந்த விரல்களுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் கொண்டுபோனான். பாட்டில் துண்டுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல் பிள்ளையின் நெற்றி மாதிரி. கையை அப்படியே வைத்துக்கொண்டான். அசைத்தால் குலுங்கும், குலுங்கினால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். கத்தலாமா? பஸ்ஸுக்குள் வெடிக்கும் என்கிற வார்த்தையைச் சொன்னால் இந்தக் கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் ஏறி மிதித்துச் செத்துப்போகும். ஜன்னல் வழியாக எறியலாமா? ஜன்னலுக்குக் கீழே ஒரு ஸ்கூட்டரில் அப்பன், பிள்ளை, ஹெல்மெட் அப்பனுக்கு மட்டும். வாய்க்குள் அருள் நிறைந்த மரியே பாதிவரைக்கும் வந்தது, மீதி மறந்துபோயிருந்தது. குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான், ஜன்னலோரத்தில் நிற்கவைத்தான், பையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு எழுந்து, குழந்தைக்கும் கூட்டத்துக்கும் முதுகைக் காட்டி முன்சீட்டின் பின்பக்கத்தோடு ஒண்டி நின்றான். அவனுக்கும் அந்தத் தகரத்துக்கும் நடுவில் பை. சூசையின் ஈரச் சாக்கு ஞாபகம் வந்தது. சட்டை எப்படியும் தெப்பலாக நனைந்துதான் இருந்தது.

"என்னண்ணா, பாப்பா ஈரம் பண்ணிட்டாளா?" அந்தப் பெண் பதறிப்போய்க் கேட்டாள்.

"இல்லம்மா. நான் எறங்கணும். நீ ஒக்காரு."

"இங்க ஸ்டாப்பே இல்லயேண்ணா."

கண்டக்டரிடம் வாந்தி வருகிறது என்றான். பொய் சொன்ன மாதிரியே இல்லை. வழி விட்டார்கள், வாந்தி என்றால் எல்லாரும் வழி விடுவார்கள். ஒவ்வொரு தோளும் பையில் இடிக்காமல் தன் தோளைக் கொடுத்துக்கொண்டு, பிள்ளைத்தாச்சி நடக்கிற மாதிரி நடந்து, படியில் இறங்கி, வண்டிகளுக்கு நடுவில் புகுந்து, ரோட்டோரம் ஏதோ கட்டி முடிக்காத கட்டடத்தின் சுவர் பக்கம் போனான். ஆள் இல்லை. மணல் குவியல் ஒன்று இருந்தது. பையை மணலில் வைத்துவிட்டு ஓட வேண்டியதுதான் பாக்கி, அப்போது பை அடித்தது.

போன். உள்ளே. பாட்டிலுக்கும் போனுக்கும் நடுவில் ஒரு துணிதான். பை முழுவதும் அதிர்ந்தது, அவன் மார்பிலும் அந்த அதிர்வு ஏறியது. வீட்டிலிருந்துதான். யார்? ஃபபி என்றால் நல்லது. ஹவுஸ் ஓனர் என்றால்? பக்கத்து வீட்டுக்காரர் என்றால்? கை விட்டு எடுக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுக்கலாம், கை போனால் போகட்டும். அழைப்பு நின்றது. அது நின்றதுதான் அவனை உலுக்கியது. மறுபடி அடித்தது. செலஸ்டின் பையை மணலில் வைத்து மண்டியிட்டு, கண்ணை இறுக மூடி, முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டு, ஜிப்பை இழுத்து, விரலால் துழாவி, போனை எடுத்துக்கொண்டு எழுந்து ஓடினான். சுவர் முடிகிற இடத்தில் போய்த்தான் நின்றான்.

"ஏன் இத்தன கால்? என்னாச்சு?" ஃபபியோலாவின் குரல், சாதாரணமாக, கொஞ்சம் சிடுசிடுப்பாக. "இன்னைக்குச் செவ்வாக்கெழம இல்ல, அந்தோனியார் கோயிலுக்கு நவநாள் செபத்துக்குப் போனோம். போன சைலண்ட்ல போட்டிருந்தேன். இப்பத்தான் வீட்டுக்குள்ள வாறோம்."

செவ்வாய்க்கிழமை. எதற்கு நேரமாச்சு என்று மாமி சொன்னாள் என்பது இப்போதுதான் விளங்கியது. வாரா வாரம் போகிறார்கள், வாரா வாரம் இவன் கிண்டல் செய்கிறான். "குட்டி எங்க?" என்றான்.

"அம்மா கையில. தூங்கிட்டா. தொட்டில்ல போடப் போறாங்க."

"போக வேண்டாம்னு சொல்லு. பின்ரூமுக்கு யாரும் போகாதிய. கதவச் சாத்து, ஃபபி, கதவச் சாத்து."

"ஏன் கத்துறீங்க? அம்மா இங்கதான் நிக்கிறாங்க, குட்டி நெத்தியில தீர்த்தம் போட்டுட்டு"

அவள் முடிக்கவில்லை. போனுக்குள் ஒரு சத்தம் கேட்டது. பெரிதாக இல்லை, கனமான புத்தகத்தைத் தரையில் போட்ட மாதிரி. உடனே இன்னொன்று. அதற்குப் பிறகு அடுக்கடுக்காக, எண்ண முடியாமல், கண்ணாடி கொட்டுகிற சத்தம். போன் எங்கேயோ மோதியது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. ஃபபி என்றான். மாமி என்றான். ரோட்டில் ஹாரன் அடித்தது, காதில் போனை அமுக்கினான், உள்ளே காற்று மட்டும். நேற்று ராத்திரி முணுமுணுத்த வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது குட்டி அழுதாள். மூச்சை இழுத்துப் பிடித்து, வீறிட்டு, அடி வயிற்றிலிருந்து, ராத்திரியெல்லாம் அழுவாளே அதே அழுகை. செலஸ்டின் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்தான். அவள் நிறுத்திவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டான்.

யாரோ போனை எடுத்தார்கள். மூச்சு வாங்கியது. மாமி. தெருவுக்கே கேட்கிற குரல் இப்போது பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காது. "பயப்படாதீங்க. ஃபபிக்கு ஒண்ணும் இல்ல, பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. வாசப்படியிலதான் நின்னோம். தொட்டில் சேலதான் கிழிஞ்சி கிழிஞ்சி தொங்குது மாப்ள."

உள்ளே போகாதிய மாமி, இன்னும் இருக்கு, கதவச் சாத்திட்டு வெளிய வந்துருங்க என்று சொன்னான். சொன்னானா, சொன்னதாக நினைத்தானா தெரியவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குட்டியின் அழுகை வெளியே, காற்றுக்கு வந்தது.

"மாப்ள," என்றாள், "சீனி கூடிப்போச்சோ?"

செலஸ்டின் திரும்பிப் பார்த்தான். சுவரின் அந்தக் கோடியில், மணல்மேல், பை வாயைத் திறந்துகொண்டு, உள்ளே பாட்டிலோடு கிடந்தது. ஒரு நாய் வந்து அதை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவன் உட்கார்ந்தபடியே, நாயை விரட்ட ஒரு கல்லை எடுத்தான்.